ஆன்டிபயாட்டிக் முடிந்த வயிற்றுக்கு அமாசியா, கேப்சூலா?

மருத்துவர் பதில்கள்

குளிர்காலத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சளிக்காய்ச்சல் பரவினால், அடுத்த சில வாரங்களில் வயிற்றைப் பற்றிய கடிதங்கள் இந்தப் பகுதிக்கு வந்து சேர்வது வழக்கம். காய்ச்சலுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கே பெரும்பாலும் அதற்குக் காரணம். இம்மாதம் அப்படி வந்தவற்றில் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மாமியாருக்கு வயது 71. நுரையீரல் சளிக்காக அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் கலந்த மாத்திரையை 7 நாள் கொடுத்தார்கள். ஐந்தாம் நாளே வயிறு இளகத் தொடங்கியது. மாத்திரை முடிந்து நான்கு நாளாகியும் தினமும் இரண்டு முறை இளகலாகவே போகிறது, காய்ச்சல் இல்லை. மருந்துக் கடையில் புரோபயாட்டிக் (நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள் அடங்கிய) கேப்சூல் ஒரு டப்பி வாங்கச் சொன்னார்கள், விலையோ மலைக்க வைக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, அமாசி (இங்குள்ள புளித்த பால்) கொடுத்தால் போதும் என்கிறார். மாமியார் மோர்ச்சோறு தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: அம்மா, அதற்கு முன்பு ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். உங்கள் மாமியார் 65 வயதைக் கடந்தவர், அண்மையில் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர். இவ்விரண்டும் சேர்ந்தவர்களுக்குக் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா குடலில் பெருகி நஞ்சைச் சுரக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நீராகவே நாளுக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ போனாலும், வயிறு பிடித்து இழுத்தாலும், காய்ச்சல் வந்தாலும், மலத்தில் இரத்தம் தெரிந்தாலும், அல்லது அவர் சோர்ந்து சிறுநீர் குறைந்துவிட்டாலும், மோரையும் கேப்சூலையும் மறந்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மலத்தைப் பரிசோதித்தே இந்த நோயை உறுதி செய்ய முடியும். இதற்கென்று வாய்வழி மருந்தும் உண்டு. ஆன்டிபயாட்டிக் முடிந்து இரண்டு, மூன்று மாதம் வரையில்கூட இது தலைகாட்டலாம் என்பதால், மருந்து எடுத்ததை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். பேதியைக் கட்டும் லோபெரமைடு மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே வேண்டாம். இந்தப் பாக்டீரியாவின் வித்துகள் ஆல்கஹால் கைத்திரவத்துக்குச் சாவதில்லை. கையைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில்தான் கழுவ வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது அந்த வகையாகத் தெரியவில்லை. நாம் உண்பதில் சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சும் மாவுச்சத்தையும் நாரையும் பெருங்குடலின் பாக்டீரியாக்கள் உடைத்துச் சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்களை உறிஞ்சும்போதுதான் பெருங்குடல் கூடவே உப்பையும் நீரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆன்டிபயாட்டிக் அந்தப் பாக்டீரியாக்களில் ஒரு பகுதியைக் கொன்றுவிடுவதால் செரிக்காத சத்து அப்படியே தங்கி, நீரையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. மாமியார் எடுத்த கலப்பு மாத்திரையில் உள்ள கிளாவுலனிக் அமிலம் இதற்கு மேல் குடலின் அசைவையும் கூட்டிவிடும். பெரும்பாலானவர்களுக்கு இது மருந்து முடிந்த சில நாள்களில் தானாகவே அடங்குகிறது.

இனி அந்தக் கேப்சூல். ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டிருக்கும்போது கொடுக்கும் புரோபயாட்டிக் வேறு, எல்லாம் முடிந்த பிறகு கொடுக்கும் புரோபயாட்டிக் வேறு. கடையில் இதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை என்பதுதான் எனக்குள்ள வருத்தம். நல்ல சான்று இருப்பது முன்னதற்கே. 31 ஆய்வுகளில் இடம்பெற்ற எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கை 2017-இல் காக்ரேன் அமைப்பு ஒன்றாகத் தொகுத்தபோது, ஆன்டிபயாட்டிக்கோடு புரோபயாட்டிக்கும் எடுத்தவர்களில் 1.5 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 4 சதவீதம் பேருக்கும் மேலே சொன்ன டிஃபிசில் பேதி வந்திருந்தது. ஆனால் 2013-இல் பிரிட்டன் மருத்துவமனைகளில் 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 3,000 நோயாளிகளிடம் நடத்திய பெரிய ஆய்வில், புரோபயாட்டிக் எடுத்தவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும் வெறும் போலி மருந்தை எடுத்தவர்களில் 10.4 சதவீதம் பேருக்கும் பேதியானது. அதாவது பயன் ஒன்றும் தெரியவில்லை. உங்கள் மாமியாரின் வயதுக்காரர்களிடம் நடந்த ஆய்வு இது என்பதால் இதை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

மருந்து முடிந்த பின் கொடுப்பதைப் பற்றிக் கிடைத்திருக்கும் தகவல் இன்னும் யோசிக்க வைக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 2018-இல் வெளிவந்த ஆய்வொன்றில் நலமாக இருந்த 21 பேருக்கு ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்து, பிறகு சிலருக்குப் பதினொரு வகை பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக்கைக் கொடுத்தார்கள். சிலரை ஒன்றும் கொடுக்காமல் விட்டார்கள். ஒன்றும் எடுக்காதவர்களின் குடலில் பழைய பாக்டீரியாக்கள் திரும்பி வந்த வேகத்தைவிட, புரோபயாட்டிக் எடுத்தவர்களிடம் அவை திரும்பி வருவது தாமதமானது. வீட்டுக்காரர் ஊரிலிருந்து திரும்புவதற்குள் விருந்தாளி எல்லா அறைகளிலும் படுக்கையை விரித்துவிட்ட கதைதான். இருபத்தொரு பேரை வைத்து முடிந்த முடிவு எதையும் கட்டிவிட முடியாது என்பது உண்மை. ஆனாலும், அழிந்ததை இந்தக் கேப்சூல் நிரப்பிவிடும் என்று டப்பியின் மேல் எழுதியிருப்பதை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அது போதுமானது.

ஆகவே இப்போதைக்குக் கேப்சூல் தேவையில்லை என்பதே என் கருத்து. மாமியாரின் மோர்ச்சோறு சரியான உணவு. நீரும் உப்பும் உள்ளே போகும், வயிற்றையும் உறுத்தாது. அக்கா சொல்லும் அமாசியும் நல்லதுதான். பால் இனிப்பின் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்கள் முன்பே புளிக்க வைத்துவிட்டதால், பேதியான நாள்களில் புளிக்காத பாலைவிட அது பலருக்கு ஒத்துக்கொள்கிறது. காலையில் அரைக் கோப்பையில் தொடங்கி, ஒத்துக்கொண்டால் கூட்டிக்கொள்ளுங்கள். நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் அதிகம் என்பதால் ஸ்ட்ராபெர்ரி, மாம்பழம் என்று இனிப்புச் சேர்த்து வரும் தயிர்க் கோப்பைகளைத் தள்ளிவிட்டு, வெறும் அமாசியையோ வீட்டுத் தயிரையோ கொடுங்கள்.

அடுத்த முறை அவருக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டால், தொடங்கும் நாளிலேயே மருத்துவரிடம் புரோபயாட்டிக் பற்றிக் கேளுங்கள். முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் ஏதாவது பயன் உண்டு. பெயரில்லாத கலவையை வாங்காமல், ஆய்வு செய்யப்பட்ட இனம் எது என்று டப்பியில் பாருங்கள். சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்பது பாக்டீரியா அல்ல, ஈஸ்ட். அதனால் ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லாது. 1920-களில் இந்தோசீனாவில் காலரா பரவியபோது லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களைக் கொதிக்க வைத்துக் குடித்தவர்களைக் கவனித்த ஹென்றி பௌலார் என்ற பிரெஞ்சுக்காரர் பிரித்தெடுத்தது அது. டிசம்பரில் நம் சாலையோரங்களில் கொத்துக் கொத்தாக விற்கிறார்களே, அதே லிச்சிதான். லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி என்பது பாக்டீரியா. அதை ஆன்டிபயாட்டிக்கிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டிய வகையானால், மின்வெட்டு நாள்களில் அதன் கதி என்னவாகும் என்பதையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களுக்கும், பெரிய இரத்தக் குழாயில் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கும், நோய் எதிர்ப்பு மிகவும் குன்றியவர்களுக்கும் இவை எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அரிதாகத்தான் என்றாலும், குடலில் இருக்க வேண்டியது இரத்தத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கேள்வி: இட்லி, தோசை, ஆடி மாதக் கூழ், பழைய சோறு, ஊறுகாய் எல்லாமே புளித்தவைதானே? நம் வீட்டுச் சாப்பாடே புரோபயாட்டிக் என்று என் தம்பி வாதாடுகிறான். மருந்து முடிந்த பிறகு இவற்றைச் சாப்பிட்டால் போதாதா?
வாசகர், பீனிக்ஸ்

பதில்: தம்பியின் வாதத்தில் பாதி சரி, ஐயா. மாவு புளிப்பது உயிருள்ள பாக்டீரியாக்களால்தான். இட்லி மாவை முதலில் பொங்க வைப்பது லூக்கோனாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியா. ஆனால் இட்லித் தட்டு ஆவியில் வெந்து இறங்கும்போது அவற்றில் எதுவும் உயிரோடு இருப்பதில்லை. தோசைக்கல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எளிதில் செரிக்கும் நல்ல உணவு என்ற முறையில் பேதி நின்ற வயிற்றுக்கு இட்லியை நானும் சொல்வேன். உயிருள்ள பாக்டீரியாவுக்காக அல்ல.

கூழ் சற்றுச் சுவாரசியமானது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழை, ஊரில் பழகிய கேழ்வரகுக்குப் பதில் இங்கே கிடைத்த மீலி (மக்காச்சோள) மாவில் காய்ச்சப் பழகினார்கள். என் ஆயா வியாழன் மாலையே மாவைக் கரைத்து, எனாமல் வாளியில் மூடி அடுப்பங்கரை மூலையில் வைத்துவிடுவார். வெள்ளி விடியலில் மூடியைத் திறந்தால் மேலே சிறு குமிழிகள் வெடித்துக்கொண்டிருக்கும், புளித்த வாசனை முற்றம் வரை வரும். பிறகு அதைக் காய்ச்சிவிடுவார். அந்தக் குமிழிகளை விட்டவை அப்போதே முடிந்துபோகும். கூழ் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு புளித்த பாலை ஊற்றி, பச்சை வெங்காயத்தை நறுக்கிப் போட்டுக் கையாலேயே கரைப்பார். நாங்கள் குடித்த கூழில் உயிருள்ள பாக்டீரியாவெல்லாம் கடைசியில் ஊற்றிய அந்தப் பாலிலிருந்து வந்தவைதான். ஆகவே கொதிக்கும் கூழில் தயிரை ஊற்றுபவர்கள் சுவைக்காக ஊற்றலாம், வேறு பலன் எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய சோற்று நீரில் உயிருள்ள லாக்டிக் பாக்டீரியா உண்டு, அதை மீண்டும் சுட வைக்காத வரையில். ஆனால் சோறு வெளியில் பல மணி நேரம் கிடந்த பிறகு தண்ணீர் ஊற்றுவது ஆபத்து; வேகவைத்த சோற்றில் வித்தாகத் தங்கும் பேசில்லஸ் சீரியஸ் அந்த நேரத்தில் முளைத்து நஞ்சை விடும், அந்த நஞ்சில் ஒரு வகை சூட்டுக்கும் அழியாது. ஆறியதுமே சுத்தமான நீரை ஊற்றி மூடி, மறுநாள் காலையிலேயே முடித்துவிடுங்கள். வழவழப்போ கெட்ட வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.

ஊறுகாய் விஷயத்தில் நம்மவர்கள் ஏமாந்துபோகிறோம். டர்பன் சந்தையில் கிடைக்கும் காய்கறி அச்சாரில் புளிப்பைத் தருவது வினிகர். எண்ணெயும் மசாலாவும் மற்றதைக் கவனித்துக்கொள்கின்றன. அதில் எதுவும் நொதிப்பதில்லை. உப்பு நீரில் மட்டுமே பல நாள் ஊறித் தானாகப் புளிக்கும் காய்க்குத்தான் அந்தத் தகுதி உண்டு. கடையில் விற்கும் மாகே என்ற புளித்த மக்காச்சோளப் பானமும் அப்படித்தான்: புளித்த பிறகு சூடேற்றி அடைத்திருந்தால் அது சுவையான பானம், அவ்வளவே.

போதுமா என்று கேட்டீர்கள். 2021-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரிடம் பத்து வாரம் நடந்த ஆய்வில், தயிர், கெஃபிர், கிம்ச்சி போன்றவற்றை நாளுக்குச் சராசரியாக ஆறு பங்கு வரை சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் பெருகின, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. அவர்கள் நலமானவர்கள், ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்கள் அல்லர். அளவும் நம் வீட்டு ஒரு கரண்டித் தயிர் அல்ல. எனவே அந்த ஆய்வை ஊக்கமாக எடுத்துக்கொள்ளலாம், மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. டென்மார்க்கில் 12 ஆண்களுக்கு நான்கே நாள் பலமான ஆன்டிபயாட்டிக்குகளைக் கொடுத்துப் பார்த்ததில், ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் குடல் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்தது; சில வகைகள் மட்டும் ஆறு மாதமாகியும் திரும்பவில்லை. அந்த ஒன்றரை மாதத்தில் மிஞ்சியிருக்கும் உங்கள் சொந்தப் பாக்டீரியாக்களுக்குத் தீனி போடுவதுதான் என் பார்வையில் முக்கியம், அதுவோ தயிரில் இல்லை. பேதி நின்ற பிறகு சுகர் பீன்ஸ் கறி, பருப்பு, கீரை, மடும்பி (சேப்பங்கிழங்கு), ஆறிய சோறு என்று சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். முதல் வாரம் வாயு கூடும். அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: என் பேரனுக்கு 3 வயது. காது வலிக்கு ஆன்டிபயாட்டிக் சிரப் தொடங்கியிருக்கிறார்கள். போன முறை பேதியாகிப் படாதபாடு பட்டான். தயிர் கொடுத்தால் தடுக்குமா?
பாட்டி ஒருவர், மெர்பேங்க்

பதில்: பாட்டி, குழந்தைகளைப் பொறுத்தவரை புரோபயாட்டிக் கொடுப்பதற்கான சான்று பெரியவர்களுக்குள்ளதைவிட வலுவானது. 2019-இல் காக்ரேன் தொகுத்த 33 ஆய்வுகளில், எடுக்காத குழந்தைகளில் 19 சதவீதம் பேருக்கும், எடுத்தவர்களில் 8 சதவீதம் பேருக்கும் பேதியானது. நன்கு பலன் தந்த அளவு நாளுக்கு 500 கோடி முதல் 4,000 கோடி உயிரணுக்கள். இது டப்பியின் மேல் அச்சிட்டிருக்கும், ஆங்கிலக் கணக்கில் ஒரு பில்லியன் என்பது நம் 100 கோடி. வீட்டுத் தயிரில் எத்தனை உள்ளன என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. அதனால் தயிரைக் கொடுங்கள், ஆனால் அதையே தடுப்பு மருந்தாக நம்பியிருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் இன்றே கேளுங்கள்.

பேதியாகிவிட்டாலோ முதல் மருந்து நீர்தான். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 8 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து கலந்து, ஒவ்வொரு முறை போன பிறகும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். இங்குள்ள கிளினிக்குகள் தாய்மாருக்குச் சொல்லித் தரும் அளவு இதுதான். உப்பைக் கூட்டிவிடாதீர்கள். கண் குழிந்தாலும், குடிக்க மறுத்தாலும், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலும் காத்திருக்கக் கூடாது. ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்துவதா என்பதையும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

கேள்வி: என் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் முடித்திருக்கிறாள். மிட்லண்ட்ஸ் பக்கம் பண்ணை வைத்திருக்கும் தெரிந்தவர், காய்ச்சாத பாலில் தானாகப் புளித்த அமாசிதான் அசல், கடை அமாசியில் ஒன்றுமில்லை என்று ஒரு கேன் கொடுத்தார். கொடுக்கலாமா?
வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: கொடுக்கக் கூடாது, அம்மா. கொடுத்தவரின் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. காய்ச்சாத பாலில் லிஸ்டீரியாவும் புரூசெல்லாவும் இருக்கலாம். பால் புளித்துவிட்டதால் அவை செத்துவிட்டன என்று எண்ண முடியாது. 2017, 2018-இல் நம் நாட்டில் பரவிய லிஸ்டீரியா நோயை மறந்திருக்க மாட்டீர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கி 200-க்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்ட அந்த நோய் போலனி என்ற பதப்படுத்திய இறைச்சியிலிருந்து வந்தது, பாலிலிருந்து அல்ல. ஆனால் அதில் மிகவும் பாதிக்கப்பட்டவர்கள் பிறந்த குழந்தைகள். தாய்க்குச் சாதாரணக் காய்ச்சல்போல் வந்து போகும் இந்தப் பாக்டீரியா கருவைத் தாக்கிவிடும்.

கடை அமாசியில் ஒன்றுமில்லை என்பதும் சரியல்ல. பாலைப் பதப்படுத்திச் சூடேற்றி ஆற வைத்த பிறகே லாக்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை அதில் சேர்க்கிறார்கள். வீட்டில் செய்ய ஆசையென்றால் அந்தக் கடை அமாசியே உறையாகும். பாலை நன்றாகக் காய்ச்சி, அறைச்சூட்டுக்கு முழுவதும் ஆற விட்டு, சுத்தமான பாத்திரத்தில் லிட்டருக்கு இரண்டு மூன்று கரண்டி அமாசி கலந்து மூடி வையுங்கள். தயிருக்குப் பழகிய கை பால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே உறை ஊற்றப் பார்க்கும். தயிரின் பாக்டீரியாவுக்கு அந்தச் சூடு வேண்டும், அமாசியினுடையதற்கு 20 முதல் 30 டிகிரி வரை போதும். டர்பனில் ஒரு நாளில் உறைவது உங்கள் ஊர்க் குளிரில் இரண்டு நாள் எடுக்கலாம். உறைந்ததும் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். நெல்சன் மண்டேலா தலைமறைவாக இருந்த காலத்தில் ஜோஹன்னஸ்பர்க்கில் வெள்ளையர் குடியிருப்பொன்றின் சன்னல் விளிம்பில் பாலைப் புளிக்க வைத்ததும், கீழே சென்ற இரு ஜூலு இளைஞர்கள் நம் பால் இங்கே எப்படி வந்தது என்று பேசிக்கொண்டதைக் கேட்டு அவர் இடத்தையே மாற்றிக்கொண்டதும் தெரிந்த கதை. உங்கள் சன்னலுக்கு அந்தக் கவலை இல்லை. வெயில் நேராகப் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின் சாப்பிடுகிறேன். வயிற்றுக்கு நல்லதென்று அதை அமாசியோடு விழுங்கலாமா?
மாணவர், வெருலம்

பதில்: வேண்டாம், தம்பி. பாலிலும் தயிரிலும் அமாசியிலும் உள்ள கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேர விடாமல் குறைத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் இதே சிக்கல் உண்டு. பாலோடு எடுத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகலாம், ஆகவே பால் பொருள்களுக்கு இரண்டு மணி நேரம் முன்பே அதை விழுங்கிவிட வேண்டும். உங்கள் டாக்சிசைக்ளினை நிமிர்ந்து உட்கார்ந்தபடி ஒரு முழுக் குவளைத் தண்ணீரில் விழுங்குங்கள். படுக்கப்போகும் நேரத்தில் ஒரு மடக்கில் விழுங்கிவிட்டுச் சாய்ந்தால், அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கிவிடும்.